குலுக்கினால் ஒளிரும் தண்ணீர்

பட்டப்பகலில், கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளியை மாட்டிவிட்டு, நானும் பாவாவும் என் கொட்டகையின் ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே ஆடி மாதத்துக் காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு. தவிடும் வெல்லமும் சேர்ந்து புளிக்கிற வாசனை.

பாவா என்பது என் அக்கா தனத்தின் கணவர். திருத்தணிப் பக்கம் தமிழ் பேசுகிற வீட்டிலும் அக்கா புருஷன் பாவாதான், அப்பா நைனாதான். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்தால் அப்படித்தான்.

என் கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில். அதில் பாவாவின் இறால் குளத்துத் தண்ணீர் பாதி அளவுக்கு இருந்தது. விடியற்காலை பஸ் பிடித்து, மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்.

"கண்ணு பழகட்டும் பாவா. கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க."

"இன்னா தெரியணும், சொல்லு?"

"ஒண்ணும் தெரியக்கூடாது. தெரியலன்னா நல்லது."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் பாட்டிலைக் குலுக்கினேன்.

தெரிந்தது. முதலில் ஒரு ஓரத்தில் மங்கலாக, பிறகு பாட்டில் முழுக்க, நீலமும் பச்சையும் கலந்த ஒரு வெளிச்சம். குலுக்குவதை நிறுத்தினால் மெல்ல அடங்கியது. மறுபடி குலுக்கினால் மறுபடி எழுந்தது. அந்த வெளிச்சத்தில் என் விரல்கள் எனக்கே தெரிந்தன.

பார்க்க எவ்வளவு அழகு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அவரை அடித்திருப்பேன்.

"அத்த அணைச்சிடு கீதா," என்றார் பாவா. ஏதோ சுவிட்ச் என் கையில் இருக்கிற மாதிரி.

கிருமி கீதா

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு அம்மாள், மலைக்கோயில் வரிசையில் என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: "திருத்தணியில ஏதும்மா கடலு? உனக்கும் எறாவுக்கும் இன்னா சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கோயில் குளமும், லாரித் தண்ணீரும்தான். கடல் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும்.

நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கடற்கரையோரம் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்த இடத்தை மூடினார்கள். நான் என் துணிமணியோடு சில கண்ணாடிக் குழாய்களில் நல்ல பாக்டீரியாக்களையும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். அரக்கோணம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. வெல்லம், தவிடு, நீலப் பீப்பாய்கள், காற்று ஊதுகிற கம்ப்ரஸர். பாக்டீரியாவுக்குக் கடல் எதிரில் இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. தின்னக் கொடுத்து, காற்றுக் கொடுத்து, சூடு கொடுத்தால் எங்கேயும் பெருகும். பெருகினதைப் பீப்பாயில் அடைத்து இறால் குளங்களுக்கு அனுப்புவேன்.

தெருவில் என் பெயர் கிருமி கீதா. "கிருமி வருது, தள்ளி நில்லு" என்று ரேஷன் கடையில் கிண்டல் செய்வார்கள். கொரோனா சமயத்தில் அந்தக் கிண்டலும் நின்றது. அப்போது நிஜமாகவே தள்ளி நின்றார்கள்.

நான் செய்வது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்வேன். பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அதுதான். இறாலின் குடலிலும் குளத்தின் அடியிலும் நோய்க் கிருமி உட்காருவதற்கு முன்னால் நல்ல கிருமி போய்த் துண்டு போட வேண்டும். கெட்டதன் சாப்பாட்டையும் இதுவே தின்றுவிட வேண்டும். அடித்துக் கொல்லுகிற வேலை குறைவு. நெருக்கித் தள்ளுகிற வேலைதான் அதிகம்.

இதில் சங்கடம் ஒன்று உண்டு. கெட்டது ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது லேசில்லை.

பாட்டிலில் ஒளிர்ந்தது அப்படி ஏறி உட்கார்ந்த கூட்டம். கடல் தண்ணீரில் இருக்கிற ஒரு வகைக் கிருமி. ஒன்றிரண்டாக இருக்கும்போது அது வெளிச்சம் போடாது. அக்கம்பக்கத்தில் தன் இனம் போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எல்லாம் ஒன்றாக எரியும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், நீங்கள் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைப் பாவாவிடம் நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை.

சட்டைப்பையில் இருந்தது

ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வந்ததும் பாவா சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளித்தாள் உறை, நாலு ஓரமும் ஒட்டியது. மேலே பெயர் எதுவும் இல்லை.

"மருந்துக் கடைக்காரன் குடுத்தான். தீனியில கலந்து போட்டா ரெண்டே நாள்ல நின்னுடும்ங்கறான். போட்டுடட்டுமா?"

ஆன்டிபயாடிக் தூள். இறாலுக்குப் போடக்கூடாது என்று தடை செய்யப்பட்டது. அதைப் போட்டால் கெட்டதோடு நல்லதும் சாகும். சாகாமல் தப்பிக்கிற கெட்டது அடுத்த முறை எதற்கும் அடங்காது. அறுவடையின்போது சோதனையில் தெரிந்தால் ஓர் இறால்கூட விலை போகாது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"செத்துப்போன எறா மட்டும் வெல போகுமா?" என்றார் பாவா.

எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்தப் பொட்டலத்த என்கிட்ட குடுங்க."

"நான் கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன்," என்று மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாவாவைக் குறை சொல்ல முடியாது. சத்தியவேடு தாண்டி, பழவேற்காடு ஏரியின் உப்புத் தண்ணீர் ஏறுகிற பக்கத்தில் மூன்று குளம் போட்டிருந்தார். போன முறை இரண்டு குளம் நோயில் மொத்தமாகப் போயின. அவை வெடித்த தரையாகக் கிடந்தன. மிச்சம் இந்த ஒன்று. இதுவும் போனால் குத்தகையை விட்டுவிட்டு குவைத்துக்கு டிரைவராகப் போவதாக முடிவு. விசாவுக்கு ஆளும் பார்த்து வைத்திருந்தார். அக்கா தனியாக இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரை விட்டு ஒரு ராத்திரிகூட அவள் தனியாக இருந்ததில்லை. இரண்டு பேரும் ஒன்றாக இருப்பது அந்த ஒரு குளத்தை நம்பித்தான் இருந்தது.

மரு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

சின்ன வயதில் எனக்கு வலது கை முழுக்க மரு. பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அம்மா என்னையும் அக்காவையும் கோயில் குளத்துக்குக் கூட்டிப்போய், கையில் ஓர் அச்சு வெல்லத்தைக் கொடுத்து, தண்ணீரில் கரைக்கச் சொன்னாள். வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரைந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து வேண்டுதல். பருவுக்கும் கரைப்பார்கள், கட்டிக்கும் கரைப்பார்கள்.

எனக்கு அந்தக் குளம் என்றால் நடுக்கம். பச்சைத் தண்ணீர், அடி தெரியாது. வெல்லத்தைத் தண்ணீருக்குள் பிடித்ததும் மீன்கள் வந்து விரலை முட்டின. நான் கத்தி, வெல்லத்தை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அக்காதான் எனக்குப் பதிலாக முழங்கால் தண்ணீரில் நின்று, இன்னோர் அச்சை வாங்கி, பொறுமையாகக் கடைசிவரை கரைத்தாள்.

கொஞ்ச நாளில் மரு உதிர்ந்தது. மரு தானாகவும் உதிரும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதை அக்காவிடம் சொன்னபோது சிரித்தாள். "நீயா கரைச்ச? நான் கரைச்சேன். எனக்குத் தெரியும்," என்றாள்.

தட்டில் வந்த குடல்

பீப்பாய்களைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு பாவாவோடு போனேன். கனகம்மாசத்திரம், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு என்று வழி. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் பீப்பாய்கள் களக் களக் என்று சத்தம் போட்டன. உள்ளே கோடானுகோடி உயிர் பயணம் செய்கிறது என்று நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு பெருமை வரும். அன்று வரவில்லை.

கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நைட்டி மேல் துண்டு. கண்ணுக்குக் கீழே கருப்பு. என்னைப் பார்த்ததும் எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை. தீனி வைத்து இறக்குகிற வலைத்தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

நல்ல இறாலுக்கு முதுகில் கருப்பாக ஒரு கோடு ஓடும். தின்ற தீனி நிறைந்த குடல் அது. தட்டில் இருந்த இறால்களில் அந்தக் கோடு விட்டு விட்டு இருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை. போட்ட தீனி அப்படியே ஊறிக் கிடந்தது.

"சாப்ட மாட்டேங்குது பாப்பா," என்றாள் அக்கா. அவளுக்கு நான் இன்னும் பாப்பாதான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீட்டில் பேசுகிற குரல்.

வேலையை ஆரம்பித்தோம். தீனியைப் பாதியாகக் குறைத்தோம். அடியில் சேர்ந்த கசடை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டோம். தண்ணீரைக் கலக்குகிற துடுப்புச் சக்கரங்களை ஓடவிட்டு, காலையில் வெயில் ஏறின பிறகு பீப்பாய்த் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினோம். கூடவே ஒரு ஜக்கு வெல்லக் கரைசல். குளத்துக்குள் போன நல்ல பாக்டீரியா பசியோடு நிற்காமல் வேலை செய்ய அந்த வெல்லம்.

அக்கா வெல்லத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதுக்கும் வெல்லந்தானா?"

"ஆங். ஆனா இந்த ஜக்குக்கு மேல ஒரு சொட்டு கூடாது. புரியுதா?"

"ஏன்?"

"அதுங்க தின்னத் தின்ன மூச்சு வாங்கும்க்கா. தண்ணியில இருக்கற காத்தையெல்லாம் அதுங்களே இழுத்துடும். எறாவுக்கு இல்லாம பூடும்."

தலையாட்டினாள். நான் வேறு வேலையைப் பார்க்கப் போனேன். இன்றைக்கும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தத் தலையாட்டலைத்தான்.

தினமும் மோட்டார் ரூமில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். முதல் நாள் அப்படியே எரிந்தது. மறுநாளும் எரிந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. மங்கியதா, என் கண் ஏமாற்றுகிறதா என்று தெரியவில்லை. பாவாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கம்மியாத்தான் தெரியுது" என்றார். அவரும் எனக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகம்.

இன்னொரு சந்தேகமும் கூடவே அரித்தது. பொட்டலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தாரா? கேட்டேன். "அப்பவே குடுத்துட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தெரியாமல் தீனியில் கலந்துவிட்டிருந்தால்? வெளிச்சம் மங்குவது என் பாக்டீரியாவாலா அந்தத் தூளாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? நல்லதும் கெட்டதும் சேர்ந்து செத்துக்கொண்டிருந்தாலும் பாட்டிலில் ஒரே மாதிரிதான் மங்கும்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. கிருத்திகைக்கு எங்கள் ஊருக்குள் வண்டி நுழையாது. அடுத்த பீப்பாயைக் கொட்டகையில் புளிக்கப் போட்டாக வேண்டும் என்று அதற்கு முன்னால் ஊர் திரும்பினேன். வெல்ல மூட்டையையும் ஜக்கையும் அக்காவிடம் விட்டு வந்தேன்.

கிருத்திகைக் காலை

விடிந்தும் விடியாத நேரம். தூறல். ரோடு முழுக்கக் காவடி. மஞ்சள் துணி, பூக்கடை, மொட்டைத் தலையில் சந்தனம், அரோகரா சத்தம். நான் கொட்டகைக்குள் ஜப்பார் பாயோடு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜப்பார் பாய் அரக்கோணத்து மெக்கானிக். மோட்டார், ஜெனரேட்டர் எதுவானாலும் எனக்கு அவர்தான். ரோடு அடைபடுவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று வேனில் இருட்டோடு வந்திருந்தார்.

போன் அடித்தது. அக்கா.

"பாப்பா, எறால்லாம் மேல வந்துடுச்சு."

என் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. இறால் தண்ணீருக்கு அடியில் வாழ்கிற ஜீவன். அது மேலே வந்து மீசையை நீட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

"சக்கரமெல்லாம் ஓடுதா?"

"கரண்ட்டு பூட்ச்சு. பாவா ஜெனரேட்டர இழுத்துகினு இருக்காரு. புடிக்க மாட்டேங்குது."

"அதுக்குள்ள எப்படிக்கா மேல வரும்? நேத்து எதுனா போட்டீங்களா?"

பின்னால் பாவா கெட்ட வார்த்தையில் ஜெனரேட்டரைத் திட்டுவது கேட்டது.

"அக்கா. தூளு போட்டாரா?"

"அவர் ஒண்ணும் போடல." அழுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. "நான்தான். கிருத்திகைக்கு மலைக்கு வர முடியலியேன்னு... நேத்து சாயங்காலம் குளத்துலயே கரைச்சுட்டேன்."

"எவ்ளோ?"

"மூட்டையோட."

மருவுக்கு ஓர் அச்சு என்றால் ஒரு குளத்து நோய்க்கு ஒரு மூட்டை. அவள் கணக்கு அவளுக்குச் சரி. நோய் வந்தால் வெல்லம் கரைப்பார்கள். படித்த தங்கச்சியே வந்து குளத்தில் வெல்லம் கரைத்துக் காட்டிவிட்டுப் போனாள். அப்புறம் என்ன? முழங்கால் தண்ணீரில் நின்று, கடைசிவரை, பொறுமையாகக் கரைத்திருப்பாள்.

அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. கோபம்கூட வராத அளவுக்கு உள்ளே சில்லிட்டுப் போயிருந்தது.

ஜப்பார் பாய் போனை என் கையிலிருந்து வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணே, நான் ஜப்பாரு பேசறேன். டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்கும். பம்புகிட்ட ஒரு போல்ட்டு கீது பாருங்க, அத்த லூஸ் பண்ணி, நொர வந்து நின்னப்புறம் டைட் பண்ணுங்க. அவசரப்படாதீங்க."

"அதுவரைக்கும் தண்ணிய அடிங்கக்கா," என்று நான் கத்தினேன். "கையில கெடைக்கறத எடுத்துகினு உள்ள எறங்கி அடிங்க. தண்ணி தெறிக்கணும். காத்து உள்ள போவணும்."

லைன் அறுந்தது.

வேனில்

ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ஜப்பார் பாய் வேனை ரிவர்ஸ் எடுத்து, வயல் பக்கம் ஒரு மண் பாதையில் இறக்கினார். காவடிக்காரர்கள் வழிவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஒரு அம்மாள் ஜன்னல் வழியாக என் நெற்றியில் விபூதி பூசினாள், கேட்காமலே. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

போனைப் போட்டுக்கொண்டே வந்தேன். எடுக்கவில்லை. கனகம்மாசத்திரத்தில் எடுக்கவில்லை. ஊத்துக்கோட்டையில் எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது நல்லது, இரண்டு பேரும் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று ஒரு மனசு சொன்னது. எல்லாம் முடிந்து கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இன்னொரு மனசு சொன்னது.

செத்த இறால் மிதக்காது. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மீன் குளம் செத்தால் கண்ணுக்குத் தெரியும். இறால் குளம் செத்தால் மேலே தண்ணீர் அமைதியாக இருக்கும். நான் போய்ச் சேரும்போது குளம் அமைதியாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"துவா பண்ணிகினுதான் ஓட்டறேன்மா," என்றார் ஜப்பார் பாய், நான் கேட்காதபோதே. "பேசாம வாங்க."

சத்தியவேடு தாண்டி, குளத்தங்கரைத் திருப்பத்தில் வேனை நிறுத்தியதும் முதலில் காதில் விழுந்தது ஜெனரேட்டர். பிறகு சக்கரங்கள் தண்ணீரை அடிக்கிற சத்தம். அதற்கும் மேலே இன்னொரு சத்தம், டப் டப் என்று.

அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, சோறு வடிக்கிற அன்னக்கூடையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். சக்கரம் ஓட ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தோளில் ரத்தம் கட்டியிருந்தது. நான் இறங்கிப் போய்க் கூடையைப் பிடித்தேன். விட மாட்டேன் என்றாள். விரல் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கரையோரம், ஆழமில்லாத தண்ணீரின் அடியில் செத்த இறால்கள் கிடந்தன. நிறையத்தான். ஆனால் நடுக்குளம் அமைதியாக இருந்தது. மேலே ஒரு மீசைகூட இல்லை.

மூச்சு கிடைத்து அடிக்குப் போனதா? செத்து அடிக்குப் போனதா?

பாவா வீச்சு வலையை எடுத்தார். முதல் வீச்சு சரியாக விரியவில்லை. கையளவுதான் விழுந்தது. இழுத்தபோது காலி. அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது வீச்சில் வலை வட்டமாக விழுந்தது. பாவா இழுக்க இழுக்க, நான் வலையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை துள்ளியது. கரையில் போட்டதும் பட பட என்று வாலை அடித்தன. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். முதுகில் கருப்புக் கோடு, அறுபடாமல், தலையிலிருந்து வால்வரை.

நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். ஜப்பார் பாய் ஜெனரேட்டரைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

கம்பளிக்குள்

உயிர் இருந்தது. நோய்?

பாட்டிலில் தண்ணீர் மொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். பாவாவும் வந்தார். அக்கா நானும் பார்க்கிறேன் என்று ஈரத்தோடு வந்தாள். இத்தனை நாளும் பயந்து அவள் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. கதவைச் சாத்தி, மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம். புழுக்கம். அக்காவின் கையில் இன்னும் வெல்ல வாசனை இருந்தது.

கண் பழகக் காத்திருந்தோம். குலுக்கினேன்.

இருட்டு.

"தெரியுதா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"இன்னொருவாட்டி குலுக்கு," என்றார் பாவா.

குலுக்கினேன். கை வலிக்கிறவரை குலுக்கினேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குள் மோதுகிற சத்தம் மட்டும்தான்.

சந்தோஷப்பட வேண்டும். என்னால் முடியவில்லை. அந்த இருட்டை உண்டாக்கியது எது? நான் ஊற்றி, அக்கா கரைத்த வெல்லத்தைத் தின்று பெருத்த நல்ல கூட்டமா? அல்லது அந்தப் பொட்டலமா? பொட்டலம் என்றால், வலையில் துள்ளியது அத்தனையும் வீண். இன்று பிழைத்து நாளை யாரும் வாங்காத இறால். பாவா குவைத்துக்கு. அக்கா இங்கே தனியாக.

கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாவா பேசினார். "கீதா, கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன்னு சொன்னேன் இல்ல. பொய்யி."

அக்காவின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"மடியிலயே வெச்சுகினு இருந்தேன். தெனம் தீனி கலக்கும்போது கையில எடுப்பேன். காலையில மேல வந்தப்போ எடுத்துட்டேன், கொட்டிடலாம்னு. அப்ப இவ அன்னக்கூடய எடுத்துகினு தண்ணியில எறங்கினா. நீ சொன்னேன்னு எறங்கினா. அத்த மறுபடி மடியில சொருவிகினு, ஜெனரேட்டர ஓடவுட்டு, நானும் உள்ள எறங்கிட்டேன்."

இருட்டில் என் கையைத் தேடிப்பிடித்து, ஏதோ ஒன்றை வைத்தார். வெள்ளித்தாள். ஈரமாக இருந்தது.

கட்டை விரலால் முதல் ஓரத்தைத் தடவினேன். பிறகு அடுத்தது. பிறகு மற்ற இரண்டும். நாலு ஓரமும் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தன.

நான் பயந்தாங்கொள்ளி. மறுபடியும் முதலிலிருந்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கம்பளியை விலக்கினேன்.